மூன்றாம் பத்தில் ஒன்பது

செய்தி வந்தபோது அவள் யாரோ ஒரு பெரியவரின் இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். "இடது கண்ணு முடிஞ்சுதா?" என்று முதலாளி முன்னறையிலிருந்து குரல் கொடுத்தால், லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்தாயிற்றா என்று பொருள். தேய்ப்பு இயந்திரத்தில் லென்ஸ் இருக்கும்போது போனைத் தொடுவதில்லை என்பது அவள் தனக்குப் போட்டுக்கொண்ட விதி. அவளுக்கு இப்படிப் பல விதிகள் உண்டு. திருகாணிகளை அளவுவாரியாக ஐந்து கிண்ணங்களில் வைப்பாள். துடைக்கும் துணியை நான்காக மடித்து, பக்கத்துக்கு ஒரு நாள் என்று பயன்படுத்துவாள். ஆனால் அன்று போன் ஒரு முறை அதிர்ந்து அடங்காமல் தட்டில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

பங்குச் சாமியார் ஜெபக்குழுவில் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையோடு ஜெபமாலை மாதம் நிறைவடைகிறது, இரண்டு ஆண்டுகளாக ஒரு நாள்கூடத் தவறாமல் விடியற்காலையில் எழுந்து நம் நோயாளிகளுக்காக ஜெபித்துவரும் நம்ம 'ரேடியோ'வுக்குத் திருப்பலி முடிந்ததும் ஒரு சிறு மரியாதை செய்யப்போகிறோம், எல்லாரும் வந்துவிடுங்கள். அதன்கீழ் கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒருவர், "நம் பங்கின் விடிவெள்ளி" என்று எழுதியிருந்தார். அம்மா ஆறு பூக்களைப் போட்டிருந்தாள்.

இயந்திரம் நின்ற பிறகு லென்ஸை எடுத்து ஃப்ரேமில் வைத்துப் பார்த்தாள். அது நிற்காமல் மேசையில் விழுந்தது. அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்துவிட்டது. குறைவாகத் தேய்ந்திருந்தால் இன்னொரு முறை கொடுக்கலாம்; கூடிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஐந்து வருடத்தில் இப்படி நடந்ததில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல விடு, உனக்கும் கை தப்பும்னு இன்னிக்காவது தெரிஞ்சுதே" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ரேடியோ என்ற பெயர் பாடகர் குழுப் பையன்கள் வைத்தது. பதினாறு வயதில் அவள் முதன்முதலாகக் கோவிலில் வாசகம் வாசித்தபோது, மைக்கை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு வாசித்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, படுக்கையில் கிடப்பவர்கள் கோவிலுக்கு வர முடியவில்லையே என்று சாமியார் இந்தக் குழுவைத் தொடங்கியபோது, "ரேடியோ இருக்கப்ப நமக்கென்ன கவலை" என்று அவள் தலையில் கட்டிவிட்டார். அவளும் மனதார ஏற்றுக்கொண்டாள். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காத தாழ்ந்த குரலில் ஜெபமாலையைப் போனில் பதிவு செய்வாள். தொடக்கத்தில் நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். முடிவில், அலமாரியில் இருந்த தினத் தியானப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பாள். ஐந்தரைக்கு அனுப்பிவிடுவாள். ஐந்தரைக்கு நாற்பத்து மூன்று போன்களில் அவள் குரல் எழும்.

அது உண்மையாக ஒன்றரை வருடம் நடந்தது, கொஞ்சம் கூடக் குறைய. மார்ச் மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டையிலிருந்து குரலே எழும்பவில்லை. போன வாரத்துப் பதிவை எடுத்து அனுப்பினாள். அன்று தேதியும் மாறியிருந்தது, நோயாளிகளின் பட்டியலில் இரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல் ஆமென், ஆமென் என்று வந்தன. யாருக்கும் தெரியவில்லை என்பதில் முதல் நாள் அவளுக்கு நிம்மதி. இரண்டாம் நாள் சின்ன வருத்தம். மூன்றாம் நாள் நல்ல தூக்கம்.

காய்ச்சல் தணிந்ததும் எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். பிறகு, செய்வதை ஒழுங்காகச் செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு ஞாயிறு மதியம், கடை மூடியிருந்தபோது, முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தாள். நாளுக்கு ஒருவகையாக ஜெபமாலையில் தியானிக்கும் சந்தோஷ இரகசியங்கள் ஒன்று, துக்க இரகசியங்கள் ஒன்று, மகிமை ஒன்று, ஒளி ஒன்று என நான்கு பதிவுகள். திங்களுக்கும் சனிக்கும் இது, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அது என்று வாரத்துக்குப் பிரித்தாள். கேட்பவர்கள் பாதி ஜெபத்தைப் பதிலாகச் சொல்வதற்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து அளந்தாள். மேசையில் மணி உரசும் சத்தம் பதிவில் விழுகிறது என்பதால் ஜெபமாலையைக் கழற்றி வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். பெயர்களுக்குப் பதில், "நம் நோயாளிகள் அனைவருக்காகவும்" என்று பொதுவாகச் சொன்னாள். தியானப் பக்கத்தை மட்டும் முந்தின நாளே படம் பிடித்து வைத்து அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டாள். குறித்த நேரத்துக்குத் தானாகவே அனுப்புவதற்குப் போனில் ஒரு வசதி இருந்தது. புத்தகத்தின் சிவப்பு நாடா மார்ச் பதினொன்றாம் தேதிப் பக்கத்திலேயே ஏழு மாதமாகக் கிடந்தது. வாரம் ஒருமுறை அதன்மேல் தூசி தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூன் மாதத்தில் குழுவில் இருந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனபோது அவருடைய மகன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கடைசி நாள் காலையிலும் அப்பா அவள் குரலோடு சேர்ந்து சொன்னார் என்றார். ஐந்தரைக்கு நீங்களும் அவரும்தான் விழித்திருந்தீர்கள், நான் தூங்கிவிட்டேன் என்று அழுதார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அன்று இரவே அலாரம் வைத்தாள். காலையில் அது அடித்தது. நிறுத்திவிட்டுப் படுத்தாள்.

இதையெல்லாம்விட அவளுக்குத் தாங்க முடியாதது தண்ணீர்க் குழாய்.

அவர்கள் வீடு இரண்டே அறை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மகள் பதிவு செய்யும் நேரத்தில் ஒரு சத்தமும் விழக்கூடாது என்று இரண்டு வருடத்துக்கு முன்பு முடிவு செய்துகொண்டவள், நாலு மணிக்கே எழுந்து, பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது என்று தண்ணீர் வேலையையெல்லாம் ஐந்துக்குள் முடித்துவிடுவாள். ஐந்திலிருந்து ஐந்தரை வரை வீட்டில் குழாய் திறக்கக்கூடாது, கரண்டி வைக்கக்கூடாது, செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். கழிவறைக்குப் போவதானாலும் ஐந்தரை ஆக வேண்டும். ஐந்தரைக்கு அலமாரியில் வைத்த போனில் மகளின் குரல் வந்ததும்தான் குழாயைத் திறப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் மகள், சாத்திய கதவுக்குப் பின்னால், கண் விழிப்பாள். ஏழு மாதமாக அதுதான் அவளுடைய அலாரம்.

செய்தி வந்த அந்த வியாழக்கிழமை மாலை அவள் வீடு திரும்பியபோது அம்மா நீலச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வியாழனே இஸ்திரியா என்று கேட்டதற்கு, ஞாயிறு காலை கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். மேடையில் ஏறினால் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள், என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள் என்றாள்.

"நான் பேசலம்மா."

"ரேடியோ பேசாம வேற யாரு பேசுவா?" அம்மா சேலையைத் திருப்பிப் போட்டாள். "இங்க பாரு. எங்க சமையக்கட்டுல ஒருத்தி மக டாக்டருக்குப் படிக்குது, ஒருத்தி பையன் வெளிநாட்டுல இருக்கான். தினமும் அந்தப் பேச்சுதான். நான் வாயே திறக்க மாட்டேன். எங்கிட்ட இருக்கறது இந்த ஒண்ணுதான். அதை மட்டும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அதுக்காவது ஏறி நில்லு."

அவள் உதட்டு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியின் ஒயர் முறுக்கிக் கிடக்கிறது என்று சொல்லி அதை நேராக்கினாள்.

மறுநாள் மதியம் டிரைவர் மாமா கடைக்கு வந்தார். உறவு ஒன்றும் இல்லை. கோவிலில் எல்லாருக்கும் அவர் டிரைவர் மாமாதான். நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவியைக் கணக்கு டீச்சர் என்றால்தான் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு டீச்சருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. மாமா கோவிலுக்கு வந்ததே டீச்சரைக் கொண்டுவந்து விடத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். டீச்சர் படுத்த பிறகு அவர் கோவில் பக்கம் வருவதில்லை. ஆனால் காலை ஐந்தரைக்குப் போனை எடுத்து டீச்சரின் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பவர் அவர்தான்.

முதலாளி சாப்பிடப் போயிருந்ததால் அவளே அவருக்குக் கண் பரிசோதித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டவர், அவள் எழுத்துப் பலகையில் குச்சியை வைப்பதற்கு முன்பே கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எழுத்துப் பலகையைக் கழற்றி மறுபக்கம் திருப்பி மாட்டினாள்.

"இப்ப சொல்லுங்க மாமா."

மாமா முகத்தை முன்னால் நீட்டினார், பின்னால் இழுத்தார். "திருப்பிட்டியா?"

"திருப்பிட்டேன்."

"நாப்பது வருஷமா லைசென்ஸ் ஆபீசுல ஒருத்தனும் திருப்பினதில்லம்மா."

"அப்ப இத்தன வருஷமும் எப்படி ஓட்டினீங்க?"

"ரோடு திரும்பலையே. அதே ரோடுதானே." தானே ரசித்துச் சிரித்தார். "ஒண்ணு மனப்பாடம் ஆயிருச்சுன்னா அப்புறம் கண்ணு எதுக்கு?"

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, அவர் கண்ணின் அளவை அட்டையில் எழுதினாள்.

கிளம்பும்போதுதான் அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து கிழித்தது. இன்று காலை ஜெபம் முடிந்ததும் டீச்சர் பென்சில் கேட்டு, இடது கையால் கால் மணி நேரம் எழுதியது. ரேடியோவிடம் கொடு என்று சைகை காட்டினாளாம். கோணல்மாணலாக மூன்று வரி இருந்தது. செவ்வாய், வெள்ளி. மூன்றாம் பத்து. ஒன்பது.

"கண்ணாடிப் பவரான்னு பாத்தேன். மூணுங்கறா, ஒன்பதுங்கறா. செவ்வா வெள்ளி எதுக்கு வருது? உனக்கு ஏதாவது புரியுதா?"

அவளுக்குப் பார்த்த உடனேயே புரிந்துவிட்டது. "தெரியல மாமா. நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் போன பிறகு, எவ்வளவு இயல்பாக அந்தப் பொய் வந்தது என்பது அவளுக்கு உறைத்தது.

பின்னறைக்குப் போய் எல்லா இயந்திரத்தையும் நிறுத்தினாள். துக்க இரகசியங்களின் பதிவை எடுத்து, மூன்றாவது இரகசியத்துக்கு நகர்த்தினாள். முள்முடி. ஜெபமாலையில் ஐந்து பத்துகள். ஒவ்வொரு பத்திலும் அருள் நிறைந்த மரியே பத்து முறை சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. விரலை நம்பாமல், கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு திருகாணியாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே வந்தாள். குரல் தெளிவாக இருந்தது, நிதானமாக இருந்தது. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்த குரல். அது பிதாவுக்கும் சுதனுக்கும் என்று முடித்தபோது மேசையில் ஒன்பது திருகாணிகள் இருந்தன. மறுபடி கேட்டாள். மறுபடியும் ஒன்பது.

ஏழு மாதம், முப்பது வாரம், வாரத்துக்கு இரண்டு நாள். அறுபது முறை. ஒவ்வொரு முறையும் அதே பத்தில், அதே ஒன்பது. ஒரு நாள் தவறினால் மறதி என்று நினைக்கலாம். அறுபது நாளும் ஒரே இடத்தில் தவறுவது மனுஷி செய்கிற காரியமில்லை என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? எப்போது தெரிந்திருக்கும்? இரண்டாம் வாரத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் தினமும் போனைப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். மற்ற நாற்பத்திரண்டு பேரும் எண்ணவில்லையா, இல்லை அவர்களும் எண்ணிவிட்டுச் சும்மா இருக்கிறார்களா? திருகாணிகளைத் திரும்பக் கிண்ணத்தில் போட மறந்து, முதலாளி வந்து கேட்ட பிறகுதான் அள்ளினாள்.

சனிக்கிழமை கடை அரை நாள். வேலை முடிந்ததும் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனாள்: முதலில் காய்ச்சல், பிறகு வேலைக்களைப்பு, பிறகு மன்னிப்பு. படியேறும்போது காய்ச்சலையும் களைப்பையும் நீக்கிவிட்டாள். மிச்சம் இருந்தது ரொம்பச் சின்னதாக இருந்தது.

டீச்சரின் கட்டிலுக்கு மேலே, பஸ்ஸில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி ஒன்றை மாமா கம்பியில் மாட்டி வைத்திருந்தார். அவளைக் கண்டதும் டீச்சர் இடது கையால் அதைப் பிடித்து எழும்ப முயன்றாள். மாமா முதுகில் கைகொடுத்துத் தூக்கி, தலையணையை அண்டக் கொடுத்து, "உக்காந்தாச்சா? ரைட், போலாம்" என்றார். தினமும் சொல்வது போலும். டீச்சர் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சுளித்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தாள். டீச்சர் இடது கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினாள். மூடினாள். பிறகு நாலு விரலைக் காட்டினாள்.

"ஆமா டீச்சர். எண்ணிப் பாத்துட்டேன். ஒன்பதுதான்." பிறகு, மாமா இருக்கிறாரே என்று பார்க்காமல், சொல்லிவிட்டாள். "அது தினமும் சொல்றது இல்ல. மார்ச் மாசம் ஒருதடவ பதிவு பண்ணது. அதையேதான் அனுப்பறேன். நான் அந்த நேரத்துல தூங்கிட்டு இருக்கேன்."

மாமாதான் முதலில் பேசினார். அவருக்கு இதில் என்ன குற்றம் என்று விளங்கவில்லை. போனில் வருவது எல்லாமே பதிவுதானே என்றார். சாமியாரும் புத்தகத்தைப் பார்த்துத்தான் பூசை செய்கிறார், தினமும் புதுசாகவா எழுதிக்கொண்டு வருகிறார் என்றார். அப்படியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அட, அதானா?" என்றார் திடீரென்று, மனைவியைப் பார்த்து. "செவ்வா வெள்ளி ஆச்சுன்னா ஒரு இடத்துல கையத் தட்டுவா. போனை நிறுத்தணும். நிறுத்தினா இவளா ஒண்ணு சொல்லுவா. ஒரே ஒண்ணு. அதைச் சொல்லி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். மூச்சு வாங்கும், வேர்த்துப் போகும். முடிஞ்சதும் மறுபடி தட்டுவா, நான் போட்டு விடுவேன். ஏதோ வேண்டுதல் போலன்னு நான் கேட்டதே இல்ல. வேற எந்த நாளும் வாயே திறக்கறதில்லம்மா. உன் வேகத்துக்கு இவளால பதில் சொல்ல முடியாதே."

அவளால் டீச்சரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தான் விட்ட ஒன்றை, வாய் கோணிப்போன ஒருத்தி, வேர்த்து விறுவிறுத்து, அறுபது முறை எடுத்துப் போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் இவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். "இன்னிக்கே சரி பண்ணிடறேன் டீச்சர். புதுசா, முழுசா சொல்லி..."

டீச்சரின் கை கட்டிலின் விளிம்பைத் தட்டியது. ஒருமுறை, இன்னொருமுறை. அவள் நிறுத்தினாள். டீச்சர் வாயைத் திறந்தாள். நாக்கு வார்த்தையைத் தேடிக்கொண்டு வெகுநேரம் அலைந்தது. மாமா உதவிக்கு வரவில்லை. அந்த நேரங்களில் வரக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வே... வேணாம்." மூச்சு வாங்கினாள். "அந்த ஒண்ணு... என்னோடது."

அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளை வரவழைக்கத்தான் டீச்சர் எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மரியாதை செய்தால், அதில் குளிர்ந்துபோய், இந்தப் பெண் மறுபடி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். இப்போது தப்பைத் திருத்துவதற்கும் வழியில்லை. அது இன்னொருத்தியின் பொருளாகிவிட்டது.

"நாளைக்குக் கோவில்ல என்னைக் கூப்பிடுவாங்க டீச்சர். நான் என்ன செய்யறது?"

டீச்சர் கண்ணை மூடியிருந்தாள். யோசிக்கிறாள் என்று காத்திருந்தாள். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "தூங்கிட்டா" என்றார் மெதுவாக. "ரெண்டு வார்த்தை சொன்னா அவளுக்கு மூட்டை தூக்கின மாதிரி."

மாலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். முறை வந்து, தட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டதும், வழக்கமான பாவங்கள் வழக்கமான வரிசையில் வந்தன: அம்மாவிடம் கோபம், ஒருநாள் பூசைக்குத் தாமதம், பொய். கடைசியாக, "கவனமில்லாம ஜெபிச்சேன் சாமி" என்றாள். அது எல்லாரும் சொல்கிற பாவம். மறைவுக்குப் பின்னாலிருந்து சாமியார், அபராதமாக ஜெபமாலையில் ஒரு பத்து சொல்லும்படி சொல்லிவிட்டு, குரலை வைத்து ஆளை அறிந்துகொண்டவராக, லேசாகச் சிரித்தார். "உனக்கு இதெல்லாம் ஒரு அபராதமாம்மா?"

பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பத்தைச் சொன்னாள். மணி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, பத்தும் பத்தாகவே சொன்னாள். ஆனால் அவள் காதில் கேட்டது பதிவின் குரல். அதே இழுப்பு, அதே இறக்கம், பதிலுக்காக அதே அளவு இடைவெளி. அந்தக் குரலுக்கு அடியில் தன்னுடையது எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்தாள். பீடத்தில் மெழுகுவர்த்திகளை ஒருவர் அணைத்துக்கொண்டு வந்தார். எழுந்து வீட்டுக்குப் போனாள். நீலச் சேலை கதவில் தொங்கியது. அம்மா சீக்கிரமே படுத்துவிட்டிருந்தாள்.

ஞாயிறு காலை அவளுக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம், துணி அலசும் சத்தம். ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது குழாய் நின்றது. அதன்பின் ஒன்றும் இல்லை. ஏழு மாதமாக அவள் இந்த அமைதியைக் கேட்டதே இல்லை. பக்கத்து அறையில் ஒரு ஆள் சத்தம் போடாமல் இருப்பதற்கும் ஒரு சத்தம் இருந்தது: பாதத்தைத் தூக்கி வைக்கும் நிதானம், டம்ளரைத் துணிமேல் வைப்பது, வந்த இருமலை முந்தானையில் அடக்குவது.

போனை எடுத்தாள். ஐந்தரைக்கு மகிமை இரகசியங்கள் தயாராக இருந்தன. அதை நீக்கிவிட்டு, இப்போதே எழுந்து உட்கார்ந்து உண்மையாகவே சொல்லி அனுப்பிவிடலாம். இன்று ஒருநாள் சொன்னால் இன்றைய மரியாதைக்கு இன்றைய ஜெபம் சரியாகிவிடும். அம்மா அறியப்போவதில்லை, சாமியார் அறியப்போவதில்லை. விரல் அந்தப் பொத்தானின் மேலேயே நின்றது. எவ்வளவு சுத்தமான திட்டம் என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டூலில், கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் பதறிப்போய், மணி பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துப் போ போ என்று சைகை செய்தாள். என்ன மறந்துவிட்டு வந்தாய், எது வேண்டும், நான் எடுத்துத் தருகிறேன், நீ உள்ளே போ. எல்லாம் சைகையில்தான்.

அவள் நேராகப் போய்க் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் கழுவு தொட்டியில் கிடந்த எவர்சில்வர் பாத்திரத்தில் விழுந்து, அந்தச் சின்ன வீடு முழுவதும் இரைந்தது. அம்மா பாய்ந்து வந்து அவள் கைமேல் கை வைத்து மூடப் பார்த்தாள். அவள் விடவில்லை.

"சத்தம் விழுமேடி."

"விழாதும்மா."

"என்ன விழாது? மணி அஞ்சே காலாகுது. நீ இன்னும்..."

"கொஞ்சம் இரும்மா."

அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. பாத்திரம் நிரம்பி வழிந்தது. அவளே குழாயை மூடிவிட்டு, சுவரோரம் நின்றாள். அம்மா மறுபடி ஸ்டூலில் உட்காரவில்லை. அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில், ஏதோ கேட்க வேண்டும் ஆனால் கேட்டால் என்ன வருமோ என்பதுபோல நின்றாள். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காமல் இருந்தார்கள்.

ஐந்தரைக்கு, அலமாரியில் அம்மாவின் போன் ஒருமுறை ஒளிர்ந்தது. அம்மா அதை எடுத்தாள். மகளைப் பார்த்தாள். கட்டைவிரல் பழக்கத்தில் தானாகவே அழுத்தியது.

பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று மகளின் குரல் அம்மாவின் உள்ளங்கையிலிருந்து எழுந்தது. தெளிவாக, நிதானமாக, நன்றாகத் தூங்கி எழுந்த குரல். நம் நோயாளிகள் அனைவருக்காகவும் என்றது. அம்மா போனைப் பார்த்தாள். மூன்றடி தள்ளி நின்ற மகளின் மூடிய வாயைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அவள் கையில் ஜெபமாலையின் முதல் மணி இரண்டு விரலுக்கு நடுவில் அப்படியே நின்றது. போனில் அருள் நிறைந்த மரியே முதல் பாதி முடிந்து, மறுபாதியைச் சொல்வதற்காக, ஒரு மதியம் கடிகாரம் வைத்து அளந்து விட்ட இடைவெளி வந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு நிரம்பிய பாத்திரத்தில் விழுந்தது. இன்னொரு சொட்டு குழாயின் நுனியில் திரண்டு, விழாமல் தொங்கியது.